ஜெயம் ஓட்டினால் ஆடும் வண்டி

ஒரே வண்டி, அதே இரண்டு பிள்ளைகள், அதே சாலை. காலையில் ஓரகத்தி பாரதி ஓட்டிப் போகும்போது சொன்னபடி கேட்கிற வண்டி, சாயங்காலம் ஜெயம் ஓட்டி வரும்போது மட்டும் வாலை ஆட்டியது. ஏன் என்று ஜெயத்துக்குப் பிடிபடவே இல்லை.

வாலை ஆட்டியது என்று பேச்சுக்குச் சொல்லவில்லை. பெடலை அழுத்தினால் பின்பக்கம் இடதுபுறம் ஒதுங்கும். ஹேண்டில்பாரைத் திருப்பி அதைச் சரிக்கட்டப் போனால் வலதுபுறம் ஒதுங்கும். முன்சக்கரம் தரையில் பாவாமல் மிதக்கிற மாதிரி இருக்கும். மெதுவாகப் போனால் ஆட்டம் அதிகம், வேகமாகப் போனால் பயம் அதிகம். பாண்டிச்சேரியின் சாரம் பகுதியில் இருக்கிற வீட்டு வாசலுக்கு வந்து காலை ஊன்றும்போது அவளுக்கு இரண்டு உள்ளங்கையும் சிவந்து கிடக்கும்.

அது செம்மல் கட்டிய வண்டி. ஜெயத்தின் வீட்டுக்காரனான செம்மல் தவளக்குப்பத்தில் ஒரு கிரில் பட்டறையில் வெல்டர். ஒருமுறை ஒரு சொல்தா வீட்டுக்கு ஜன்னல் கம்பி பொருத்தப் போயிருந்தான். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டுப் பென்ஷன் வாங்குகிறவர்களைப் பாண்டியில் சொல்தா என்பார்கள். அந்த மனிதர், தன் மகள் பாரிசில் இரண்டு பிள்ளைகளையும் பின்னால் ஏற்றிக்கொண்டு போகிற நீளமான சைக்கிளைப் போனில் காட்டினார். செம்மல் அந்தப் படத்தை விரலால் விரித்து விரித்துப் பார்த்தான். அப்போது பள்ளிக்கூட வேனில் பிள்ளைகளை மடிமேல் மடியாக அடுக்கிக்கொண்டு போனார்கள். அதைப் பார்க்கவே அவனுக்கு ஆகாது.

இரண்டு பழைய சைக்கிளை அறுத்தான். தடித்த குழாய் வைத்து நீட்டி, பின்சக்கரத்தை ஒரு முழத்துக்குமேல் பின்னால் தள்ளினான். நீளக் கேரியரில் ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு சீட்டு. ஒன்று ஓட்டுகிறவர் முதுகை ஒட்டி, இன்னொன்று பின்சக்கரத்தையும் தாண்டி. இரண்டும் ஒரே அளவு. சுற்றிலும் கம்பி வளைவு, அடியில் ஸ்பாஞ்சு, தோளுக்கும் இடுப்புக்கும் பெல்ட்டு. கால் ஸ்போக்குக்குள் போகாமல் இருக்க இரண்டு பக்கமும் வலை அடித்தான். வண்டி நிற்கும்போது சாயாமல் இருக்க இரட்டைக்கால் ஸ்டாண்டு வைத்தான். லீவில் வந்திருந்த தம்பி பிரேம்குமாரை ஏற்றிக்கொண்டு மைதானத்தை வலம் வந்து, வெல்டிங் எங்கும் விடவில்லை என்று பார்த்தபிறகுதான் பிள்ளைகளை ஏற்றவே விட்டான். சின்ன ஹெல்மெட் இரண்டும் வாங்கி வந்தான்.

எல்லாம் நல்லதுதான். ஆனால் ஓட்டுகிறவர் சீட்டு உயரத்துக்கு அளவு பார்த்த அன்றைக்கு ஜெயம் வானூரில் தன் தம்பி கல்யாணத்தில் இருந்தாள். அளவுக்கு உட்கார்ந்தவள் பாரதி.

"எனக்குன்னு கட்டுற வண்டிக்கு அவ அளவா? நாளைக்கு ஜாக்கெட்டு தைக்கவும் அவளையே அனுப்புவியா?"

"ஏன்டி அதையே புடிச்சினு தொங்குற? ஒரு பொம்பள உக்காந்தா கால் எட்டுதான்னு பாக்கணும் இல்ல? நீ இல்ல, அவ இருந்தா."

"அவ எப்பவும் இருப்பா."

"சீட்ட ஏத்தி எறக்கத்தான் போல்ட்டு வச்சிருக்கேன். ஏத்திக்கோ, எறக்கிக்கோ. ஆள வுடு."

அவள் ஏற்றிப் பார்த்தாள், இறக்கிப் பார்த்தாள். வண்டி ஆடியது.

பாரதி, பிரேம்குமாரின் பெண்சாதி. மில்லில் வேலை பார்த்த மாமனார் கட்டிய வீட்டில் கீழே ஜெயம், மாடியில் பாரதி. பிரேம்குமாருக்கு ஓசூரில் கம்பெனி வேலை, மாதத்துக்கு ஒருமுறை வருவான். அந்த வீட்டுக்கு முதலில் வாழ வந்தவள் ஜெயம். இரண்டு வருஷம் கழித்து வந்த பாரதிக்கு அடுத்த வருஷமே சுடர்விழி பிறந்தாள். ஜெயம் அதன்பிறகும் மூன்று வருஷம் டாக்டர் வீட்டுக்கும் கோயிலுக்கும் நடந்தாள். அந்த மூன்று வருஷமும் மாடியில் தொட்டில் ஆடுகிற சத்தம் சீலிங் வழியாக இவள் படுக்கைமேல் இறங்கியது. பிறகு இளம்பரிதி பிறந்தான். பிறந்தும் அந்தச் சத்தம் காதைவிட்டுப் போகவில்லை. சுடருக்கு இப்போது ஏழு வயது, வாட்டசாட்டமான பெண். பரிதிக்கு நாலு, காற்றடித்தால் பறக்கிற உடம்பு.

வேலை இப்படிப் பிரிந்திருந்தது. ஜெயம் இட்லி மாவு அரைத்து இரண்டு கடைக்குப் போடுகிறாள். காலையில் அடுத்த நாளைக்கான அரிசியைக் களைந்து ஊறப்போட்டு, உளுந்து பொறுக்கி, கிரைண்டரைக் கழுவி என்று பின்கட்டிலேயே அவளுக்குப் பொழுது போய்விடும். அதனால் காலையில் பிள்ளைகளை லாஸ்பேட்டைப் பள்ளிக்கூடத்தில் விடுவது பாரதி. பிறகு வண்டியை வீட்டில் விட்டுவிட்டு நேரு வீதி பேக்கரி ஒன்றில் பில் போடப் போகிறாள், வீடு திரும்ப இரவாகிவிடும். அதனால் சாயங்காலம் கூட்டி வருவது ஜெயம். ஒருத்தி ஓட்டுவதை இன்னொருத்தி பார்த்ததே கிடையாது.

பார்த்தவர்கள் சொன்னதைத்தான் ஜெயத்தால் தாங்க முடியவில்லை.

"பாரதி ஓட்டுறப்ப அலுங்காம போவுது. தூங்குற புள்ளகூட முழிச்சிக்காது," என்று செம்மல் ஒருநாள் கருவாட்டுக் குழம்பைப் பிசைந்துகொண்டே சொன்னான்.

"இன்னும் கொஞ்சம் ஊத்தட்டா, இல்ல மேல போயி சாப்புட்றியா?"

அவன் தட்டை இன்னும் கிட்ட இழுத்துக்கொண்டான்.

பரிதியும் சேர்ந்துகொண்டான். "எனக்குச் சித்தி வண்டிதான் புடிக்கும்."

"ரெண்டும் ஒரே வண்டிதான்டா."

"இல்ல. சித்தி வண்டி வேற."

பெற்ற பிள்ளை வாயால் கேட்டது நெஞ்சில் மீன்முள்ளாகச் சிக்கிக்கொண்டது. அன்றைக்கு இரவு அவள் சாப்பிடவில்லை.

தெரு முனையில் பலராமனின் சைக்கிள் கடை. வண்டியை அவனிடம் தள்ளிக்கொண்டு போனாள். அவன் கவிழ்த்துப் போட்டு முன்சக்கரத்தைச் சுற்றிவிட்டு ஒரு கண்ணை மூடிப் பார்த்தான். பின்சக்கரத்தையும் பார்த்தான். ஸ்போக்குகளை ஒவ்வொன்றாகச் சுண்டினான்.

"வீலு வளையல, கோட்டம் இல்ல. பேரிங்கு நல்லா இருக்கு. செம்மலு வெல்டிங்கு, அதுல நான் குத்தம் சொல்ல மாட்டேன்."

"அப்ப ஏன்ணே ஆடுது?"

"காலையில பாரதி போவுறத பாக்கறனே. நூல் புடிச்ச மாரி போவுது."

"அப்ப நான்தான் கோட்டம்ன்றியா?"

"நான் வண்டியத்தாம்மா சொல்லுவேன். ஆளுக்குக் கோட்டம் எடுக்கற ஸ்டாண்டு நம்மகிட்ட இல்ல."

கடையில் காற்றடிக்க நின்ற இரண்டு பேர் சிரித்தார்கள். ஜெயம் வண்டியை நிமிர்த்திக்கொண்டு வந்துவிட்டாள்.

விடவில்லை. சாயங்காலத்தில் கடற்காற்று பக்கவாட்டில் அடிக்கிறதே, அதனாலா என்று பார்த்தாள். காற்றே இல்லாமல் புழுங்கிய நாளிலும் ஆடியது. காலையில் லாஸ்பேட்டைக்கு ஏற்றம், சாயங்காலம் இறக்கம், அதனாலா என்று பார்த்தாள். இறக்கம் முடிந்து சமதரையிலும் ஆடியது. புத்தகப் பைகளை முன்கூடைக்கு மாற்றினாள். கொஞ்சம் குறைந்தது, நிற்கவில்லை. டயரில் காற்றை ஏற்றினாள், குறைத்தாள். ஒன்றும் ஆகவில்லை. வண்டி பாரதியின் வண்டி, பாரதியின் அளவு, பாரதியின் கைக்குத்தான் பழகும் என்ற எண்ணம்தான் கடைசியில் மிச்சம். மாடிப்படியில் பாரதியின் கொலுசு கேட்டால் அந்த எண்ணம் ஒரு பிடி கூடும்.

வெள்ளிக்கிழமை அது நடந்தது. கொக்கு பார்க் சிக்னலைத் தாண்டும்போது பின்னால் வந்த பஸ் ஓங்கி ஹாரன் அடித்தது. ஜெயம் பதறி ஓரம் கட்டத் திருப்பினாள். முன்சக்கரம் கேட்கவில்லை. பின்பக்கம் ஒரு வீசு வீசியது. இரண்டு காலையும் தரையில் தேய்த்து எப்படியோ நிறுத்திவிட்டாள். வண்டி சாயவில்லை, பெல்ட்டும் பிடித்தது. ஆனால் பின்சீட்டில் இருந்த சுடரின் வாய் கம்பி வளைவில் மோதி உதடு கிழிந்தது. வெள்ளைச் சட்டையில் ரத்தம் சொட்டியது. முன்சீட்டில் பரிதி அம்மாவின் முதுகைக் கட்டிக்கொண்டு வீறிட்டான். அங்கிருந்து வீடுவரை ஜெயம் வண்டியை ஓட்டவில்லை, தள்ளிக்கொண்டே வந்தாள்.

பாரதி வேலை முடிந்து வந்தாள். பிள்ளையின் உதட்டைத் தூக்கிப் பார்த்தாள். ஒரு சொல் திட்டவில்லை. திட்டியிருந்தால் ஜெயமும் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பாள்.

"அக்கா, நான் வேணா ஷிப்டு மாத்திக் கேக்கறேன். சாயந்திரமும் நானே கூட்டியாந்துடறேன். உனக்கும் மாவு வேலை இருக்குதுல்ல."

"எனக்கு இன்னா வேலைன்னு எனக்குத் தெரியும்."

"இல்லக்கா, உனக்குக் கஷ்டமா இருக்குதேன்னு..."

"பாரதி சொல்றது சரிதான்," என்றான் செம்மல். "திங்கக்கெழமையிலேருந்து ரெண்டு வேளையும் அதுவே ஓட்டட்டும். இது புள்ளைங்க உசுரு. வீம்பு பண்ற விஷயம் இல்ல ஜெயம்."

ஜெயம் கரண்டியை வைத்துவிட்டுப் பின்கட்டுக்குப் போனாள். சாயங்காலம் பள்ளிக்கூட வாசலில் பரிதி தன்னைத் தேடி ஓடிவருகிற அந்த ஒரு நேரம்தான் நாள் முழுக்க அவளுக்கு என்று இருந்தது. அதுவும் மாடிக்குப் போய்விட்டால் கீழே எதற்கு இருப்பது?

சனிக்கிழமை விடிந்தபோது செம்மலின் டிவிஎஸ் கிளம்பவில்லை. மாவைக் கடைகளில் போட்டுவிட்டுப் பட்டறைக்குப் போவது அவன் வழக்கம். உதைத்து உதைத்துப் பார்த்துவிட்டு, "கார்புரேட்டர்ல அழுக்கு. பிரிச்சாதான் ஆவும்," என்று உட்கார்ந்துவிட்டான்.

மாவு காத்திருக்காது. பொங்கினால் வழியும், வழிந்தால் புளிக்கும். "நான் எடுத்துனு போறேன்," என்று ஜெயம் பிள்ளைகளின் சீட்டுகளில் இரண்டு எவர்சில்வர் டிரம்மை வைத்து, அதே பெல்ட்டால் கட்டினாள். பெரிய டிரம், சாரம் மெயின் ரோட்டில் இட்லிக்கடை வைத்திருக்கும் சந்திரகலாவுக்கு. அதில் பாதிதான் சின்ன டிரம், அது லாஸ்பேட்டை மெஸ்ஸுக்கு. பெரியது பொங்கினால் முதுகில் வழியும் என்று அதைப் பின்சீட்டில் வைத்தாள். சின்னது முன்சீட்டில்.

தெருவைத் தாண்டுமுன் வண்டி வாலை ஆட்டியது.

ஜெயம் சட்டென்று நிறுத்தினாள். பயத்தில் இல்லை. பிள்ளைகள் இல்லை, புத்தகப் பை இல்லை, சாயங்காலம் இல்லை, பஸ் இல்லை. ஆனாலும் அதே ஆட்டம், அச்சு அசல். இத்தனை நாளாக மூடியிருந்த கதவு ஒன்று லேசாக அசைந்த மாதிரி இருந்தது.

மெதுவாக உருட்டிக்கொண்டு சந்திரகலா கடைக்குப் போனாள்.

"இன்னா ஜெயம், ரயில் வண்டியில வந்திருக்க?"

"சட்டுனு எறக்குக்கா. எனக்கு ஒரு வேலை இருக்கு."

"இட்லி ஊத்துற நேரத்துல உனக்கு இன்னா அதவுட வேலை?"

மாவைக் கொட்டிக்கொண்டு காலி டிரம்மைத் திருப்பித் தந்தாள் சந்திரகலா. மெஸ்ஸுக்குப் போகும்போது வண்டி ஆடவில்லை. ஏற்றத்தில்கூட ஆடவில்லை. கனம் குறைந்ததாலா? இல்லை, கனம் இருந்த இடத்தாலா? அதைப் பிரித்துப் பார்க்காமல் விட அவளுக்கு மனமில்லை.

வீட்டுக்கு வந்ததும் இரண்டு டிரம்மிலும் தண்ணீர் பிடித்தாள். பெரியதைப் பின்னால் கட்டி, தெருவில் ஒரு நடை போய்வந்தாள். ஆடியது. இரண்டையும் அவிழ்த்து இடம் மாற்றினாள். பெரியது முன்னால், சின்னது பின்னால். ஒரு சொட்டுத் தண்ணீர் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. மறுபடி போய்வந்தாள்.

நூல் பிடித்த மாதிரி போயிற்று.

இறங்கி நின்று ஹேண்டில்பாரைப் பிடித்து மேலே தூக்கிப் பார்த்தாள். முன்சக்கரம் கனமாகத் தரையிலேயே இருந்தது. திரும்பப் பெரிய டிரம்மைப் பின்னால் மாற்றிக் கட்டித் தூக்கினாள். பால் பாத்திரத்து மூடியைத் தூக்குவதுபோல் முன்சக்கரம் எழுந்து வந்தது. பார்க்கில் பிள்ளைகள் ஏறி ஆடும் சீசாப் பலகை அவளுக்கு ஞாபகம் வந்தது. பலகைக்கு நடுவில் ஒரு தண்டு இருக்கிறதல்லவா, இந்த வண்டிக்குப் பின்சக்கரத்தின் அச்சுதான் அந்தத் தண்டு. அச்சுக்கு முன்னால் ஏற்றுகிற கனத்தை இரண்டு சக்கரமும் பங்கு போட்டுக்கொள்ளும். அச்சைத் தாண்டிப் பின்னால் தொங்குகிற கனம் முன்சக்கரத்தை மேலே தூக்கும். தரையில் அழுந்தாத சக்கரத்தை எவ்வளவு திருப்பினாலும் அது கேட்காது. முன்னால் பிடி விட்டுப்போனால் பின்னால் இருக்கிற கனம் தன் இஷ்டத்துக்கு வீசும். அதுதான் வால்.

தினமும் பின்சீட்டில் இருந்த பெரிய டிரம் எது என்று அவளுக்குப் புரிய நேரம் ஆகவில்லை. உள்ளே ஓடினாள். பிள்ளைகள் இரண்டும் டிவி முன்னால் பன்னைப் பிய்த்துத் தின்றுகொண்டிருந்தார்கள். கிழிந்த உதட்டில் படாமல் சுடர் ஓரமாக மென்றாள்.

"டேய் பரிதி, காலையில சித்தி உன்ன எங்க உக்கார வைப்பாங்க?"

"பின்னாடி."

"முன்னாடி?"

"அக்கா."

"தெனமுமா?"

"தெனமும். பின்னாடி உக்காந்தா நாய் தொரத்தினு வர்றது தெரியும். உன் வண்டியில உன் முதுவுதான் தெரியும்."

ஜெயம் அப்படியே தரையில் உட்கார்ந்தாள். சிரிப்பு வந்தது. வாயைப் பொத்திக்கொண்டாள். சித்தி வண்டி என்றால் இவ்வளவுதானா! இதற்காகவா ஒரு வேளை பட்டினி கிடந்தோம் என்று இருந்தது.

பாரதி கெட்டிக்காரத்தனமாக ஒன்றும் செய்துவிடவில்லை. தான் பெற்றதைத் தன் முதுகோடு ஒட்டி வைத்துக்கொண்டாள், ஓரகத்தி பிள்ளையைப் பின்னால் வைத்தாள். ஜெயமும் அதையேதான் செய்தாள். பாரதி பெற்றது கனமான பிள்ளை. அதனால் அவள் வண்டி ஆடவில்லை. அவ்வளவுதான் இரண்டு பேருக்கும் வித்தியாசம். மாடிப்படியில் நின்று கத்திச் சொல்ல வேண்டும்போல் இருந்தது.

கத்துவதற்கு முன்னால் இன்னொன்று உறைத்தது. ஆடாமல் ஓட்ட வேண்டுமென்றால் பரிதியை முதுகிலிருந்து பிரித்துப் பின்னால் வைக்க வேண்டும். பாரதியின் பிள்ளையைத் தன் முதுகோடு ஒட்டி வைத்துக்கொள்ள வேண்டும். தினமும், அந்த ஒரு நேரம் முழுக்க.

அன்றைக்கு அவள் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை.

ஞாயிறு மத்தியானம் நெத்திலி வறுத்த வாசனை வீடு முழுக்க இருந்தது. செம்மல் வாசலில் கார்புரேட்டரைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்திருந்தான். பாரதி துணி எடுக்க மாடியிலிருந்து இறங்கினாள். ஜெயம் நீள வண்டியை வெளியே தள்ளி ஸ்டாண்டு போட்டாள்.

"சுடரு, பரிதி, வாங்க. ஹெல்மெட்டு எடுத்துனு வாங்க."

"எங்க கௌம்பிட்ட?" செம்மல் எழுந்தான். "நான் இன்னா சொன்னேன்?"

"திங்கக்கெழமையிலேருந்துதான சொன்ன? இன்னிக்கு ஞாயித்துக்கெழம."

"அக்கா..." என்று பாரதி ஓரடி முன்னால் வந்தாள்.

"தெரு முனை வரைக்கும்தான். நீ பாத்துனே இரு. ஆடுச்சின்னா வண்டிய உனக்கே வுட்டுடறேன்."

சுடர் எப்போதும்போல் தானே ஏறிக்கொள்ளப் பின்சீட்டுப் பக்கம் போனாள். அது அவள் இடம் என்று பழகிவிட்டது.

"அங்க இல்ல. இங்க வா," என்று ஜெயம் அவளைத் தூக்கினாள். ஏழு வருஷத்தில் அந்தப் பிள்ளையை அவள் தூக்கியதாக ஒருமுறைகூட ஞாபகத்துக்கு வரவில்லை. கனமாக இருந்தாள். முன்சீட்டில் உட்காரவைத்துப் பெல்ட்டை மாட்டினாள். பிறகு பரிதியைப் பின்சீட்டில் வைத்தாள். அவன் அழுவான், தன்னைக் கேட்பான் என்று ஒரு நொடி நின்று பார்த்தாள். அவன் நாயைத் தேடிக்கொண்டிருந்தான்.

ஸ்டாண்டைத் தள்ளி ஏறி உட்கார்ந்தாள். முதுகுக்குப் பின்னால் சுடர் கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"என்னப் புடிச்சிக்கோ."

சின்னக் கைகள் இரண்டும் தயங்கித் தயங்கி இடுப்பைச் சுற்றின. ஜெயம் நிமிர்ந்து உட்கார்ந்தாள். பெடலை அழுத்தினாள். முன்சக்கரம் தரையைக் கவ்விக்கொண்டு போயிற்று. பலராமன் கடைப் பக்கம் திரும்பினாள், வண்டி திரும்பியது. ஒரு கையை விட்டு முந்தானையைச் சரிசெய்தாள். அப்போதும் நேராகவே போயிற்று. கடைக்குள்ளிருந்து பலராமன் எட்டிப் பார்த்தான்.

"கோட்டம் எடுத்துட்டேன்ணே!" என்று கத்திவிட்டுப் போனாள்.

"பெரியம்மா," என்றாள் சுடர் முதுகில் வாயை வைத்து. "இங்க நல்லா இருக்கு. பின்னாடி எனக்கு பயமா இருக்கும்."

"சொல்றதுதானடி?"

"சொன்னா நீங்க கோச்சிப்பீங்க."

ஜெயம் கொஞ்ச தூரம் பெடலை மிதித்தாள். பிறகு ஒரு கையால், இடுப்பில் இருந்த அந்த இரண்டு கையையும் இழுத்து இன்னும் இறுக்கமாகக் கோத்துவிட்டாள்.

"நல்லா புடி. மெயின் ரோட்டு வரைக்கும் போயிட்டு வரலாம்."

திரும்பி வந்தபோது செம்மல் வாசலிலேயே நின்றிருந்தான். கையில் கிரீஸ். பாரதி துணியை அள்ளிய கையோடு நின்றாள்.

"இன்னாடி பண்ண வண்டிய?" என்றான்.

"ஒண்ணும் பண்ணல. சுடர முன்னாடி வச்சேன்."

"அதுக்கும் இதுக்கும்..." என்று தொடங்கியவன் பாதியில் நிறுத்தினான். குனிந்து பின்சக்கரத்தின் அச்சைப் பார்த்தான், பின்சீட்டைப் பார்த்தான். கட்டியவன் அல்லவா, அதற்குமேல் அவனுக்குச் சொல்லத் தேவையில்லை. "அட, ச்சே. டபுள்ஸ் அடிச்சிப் பாத்தனே, பிரேம முன்னாடிதான உக்கார வச்சேன்," என்று தலையில் கைவைத்தான். முடியில் கிரீஸ் ஒட்டியது.

"இவ்ளோதானாக்கா?" என்றாள் பாரதி. "நான் சும்மா எம் புள்ள கிட்ட இருக்கட்டுமேன்னு..."

"தெரியும். நானும் அப்பிடித்தான் வச்சேன். நீ ஒண்ணும் பெரிய டிரைவரு இல்ல."

பாரதி சிரித்தாள். ஜெயமும் சிரித்தாள், ஆனால் அவளுக்குக் கொஞ்சம் தாமதமாகத்தான் சிரிப்பு வந்தது.

"அப்ப சாயந்திரம்?" என்று பாரதி மெதுவாகக் கேட்டாள்.

"சாயந்திரம் நான். காலையில நீ. எப்பவும் போல." ஜெயம் பரிதியின் பெல்ட்டை அவிழ்த்து அவனை இறக்கினாள், அதன்பிறகு சுடரை. "கேட்டுக்கோ. ஸ்டாண்டு போட்டுட்டுத்தான் ஏத்தணும். ஏத்தறப்ப மொதல்ல முன்சீட்டு, எறக்கறப்ப மொதல்ல பின்சீட்டு. மாத்திப் பண்ணா முன்வீலு தூக்கும். பையெல்லாம் முன்கூடையில. சுடரு முதுவ ஒட்டி முன்சீட்டுல, பரிதி பின்சீட்டுல, ரெண்டு பேருக்கும் பெல்ட்டு. நீ ஓட்டுனாலும் சரி, நான் ஓட்டுனாலும் சரி, கனமான புள்ள முன்னாடி, லேசான புள்ள பின்னாடி. வண்டி ஆடாது."